மூன்றாம் துவாரத்தின் அளவு

தைலம்மாளின் உச்சியெலும்பில் மூன்று துவாரங்கள் இருந்தன. அரசாங்கப் பட்டியலின்படி அவள் வீட்டில் கடல் கொண்டுபோனவர்கள் இரண்டு பேர். இந்த ஒன்றின் வித்தியாசம் 2005ஆம் ஆண்டு ஆவணி மாதம் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் தெரியவந்தது. அதைக் கண்டவர் சுப்புரத்தினம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நாள்தோறும் காலை ஏழேகால் பேருந்தில் புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய், சிடி ஸ்கேன் இயந்திரத்தின் முன் அமர்ந்து வேலை பார்த்து, மாலையில் அதே வழியில் திரும்புகிறவர். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு ஆண்டுப் பணியில் எவருடைய வலப்பக்கத்தையும் இடப்பக்கமென்று ஒருமுறைகூட எழுதாதவர். அளப்பதில் அவருக்கு ஒரு நியமம் உண்டு. எதையும் இருமுறை அளப்பார். முதல் அளவைச் சீட்டில் எழுதி, படத்தோடு சேர்த்து உறையிலிட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுவார். பதினான்கு நாள் கழித்துப் படத்தை மட்டும் உருவி, சீட்டைப் பாராமல் மறுபடியும் அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அது அளவு. ஒத்துப்போகாவிட்டால் அது அபிப்பிராயம் என்பது அவர் கொள்கை. “உப்பையும் ஒறையில போட்டு ஒட்டி வச்சிடுங்க, பதினாலு நாள் கழிச்சி நானு கொழம்புல போட்டுக்கறேன்” என்று அவர் மனைவி பார்வதம் சொல்வாள். அதற்கும் அவர் சிரித்ததில்லை.

அந்த ஆண்டு நிலையத்தின் மருத்துவர் சத்யநாராயணன் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். இப்பகுதி மக்களின் மண்டையோட்டில் இயல்பான வேறுபாடு எவ்வளவு என்பது அதன் பொருள். தலைவலி, தலைசுற்றல் என்று வந்து, படமெடுத்து, நோயில்லை என்று திரும்பிய முந்நூறு பேரின் எலும்புகளை அளந்து அட்டவணை போடவேண்டும். உச்சியெலும்பின் பின்பகுதியில், தலையின் நடுக்கோட்டை ஒட்டி, ஊசிமுனையளவு துவாரம் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இராது. சிலருக்கு ஒரு பக்கம், சிலருக்கு இரு பக்கமும். உள்ளிருந்து ஒரு சிறிய இரத்தக்குழாய் வெளியே வருகிற வழி அது, நோயன்று. தலையைத் திறந்து அறுவை செய்கிறவர் தெரிந்துவைத்திருந்தால் போதும். இத்துவாரங்களை எண்ணி, விட்டம் அளக்கும் வேலையை மருத்துவர் சுப்புரத்தினத்திடம் ஒப்படைத்தார். கட்டுரையில் யார் பெயர் வரும் என்ற பேச்சு அப்போது எழவில்லை, பிறகும் எழவில்லை.

முந்நூறு பேரில் பதினேழு பேர் தாழைக்குப்பத்துக்காரர்கள். புதுச்சத்திரம் தாண்டிக் கிழக்கே பிரியும் சாலையின் முனையில் அந்தக் குப்பத்தின் நினைவுக்கல் நிற்கிறது. மார்கழி மாதம் திருவாதிரையன்று, சிதம்பரத்தில் நடராசரைக் காணக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த காலைப்பொழுதில், கடல் ஏறி வந்து அறுபத்து மூன்று பேரைக் கொண்டுபோனது. அவர்களின் பெயர்களை வீடுவாரியாக வெட்டி, ஆடி மாதத்தில் கல்லை நட்டார்கள். பேருந்து அங்கே நின்று போகும். ஒருநாளைக்கு இருமுறை சன்னல் வழியாகப் படித்துப் படித்துச் சுப்புரத்தினத்துக்கு அறுபத்து மூன்று பெயரும் மனப்பாடம். ஆகையால் அந்தப் பதினேழு படங்களை அளந்து முடித்த நாளில் அவருக்கு ஒன்று புலப்பட்டது. ஒருவரை இழந்தவருக்கு ஒரு துவாரம் இருந்தது. நால்வரை இழந்த தங்கராசு என்பவருக்கு நான்கு. எவரையும் இழக்காத இருவருக்கு எலும்பு கண்ணாடிபோல் மூடியிருந்தது. மற்ற ஊர்க்காரர்களிடம் இத்தகைய கணக்கு எதுவும் இல்லை. பதினாறு பேருக்குக் கல்லும் எலும்பும் ஒத்துப்போயின. தைலம்மாளுக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. கல்லில் அவள் கணவன் கண்ணாயிரம், மகள் மாலதி. எலும்பில் ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர், ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர், அவற்றின் அருகே கடுகைக் கீறியதுபோலப் புள்ளி நான்கு. சுப்புரத்தினம் தம் கையைச் சந்தேகித்தார், இயந்திரத்தைச் சந்தேகித்தார். கல்லைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

தைலம்மாள் மீன் விற்கிறவள். தலைவலி தீரவில்லை என்று அவள் மறுபடி வந்தபோது, கூடையை வாசலில் வைக்கச் சொல்லிவிட்டு, சுப்புரத்தினம் கேட்டார்.

“ஏம்மா, உங்க வீட்ல ரெண்டு பேருதான போனது?”

“யாரு சொன்னது, கல்லா?” என்றாள் அவள். “கல்லுக்கு இன்னா சார் தெரியும், உளி சொன்னத அது சொல்லுது. மூணு பேரு. மூணாவது எம் பொண்ணு. ரெண்டு மாசம்.”

“பேரு?”

“வெச்சாத்தான.”

கண்ணாயிரத்தின் வகையறாவில் பிள்ளைக்கு உடனே பெயர் வைப்பதில்லை. மாசிமகத்தன்று சாமிகள் கடலாட வரும்போது பிள்ளையின் காலை அலையில் நனைத்து, அதன் பிறகே காதில் பெயர் சொல்வார்கள். கடல் பார்க்காத பிள்ளைக்குப் பெயர் வைத்தால் கடல் அதை அயலாராக நினைத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐப்பசியில் பிறந்த அந்தப் பிள்ளை மாசிக்காகக் காத்திருந்தது. பெயர் வைத்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று பிறப்பையும் அவர்கள் பதியவில்லை. கடல் மாசிவரை காத்திருக்காமல் மார்கழியிலேயே வந்து காலை நனைத்தது. வீட்டில் பிரசவம் பார்த்த கிழவியின் பெயர் கல்லில் பதினொன்றாவது. பிள்ளையைப் பார்த்திருந்த அண்டை வீட்டார் பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை.

கடலூரில் பட்டியல் எழுதும் அலுவலகத்துக்குத் தைலம்மாள் அதற்குள் ஒன்பது முறை போயிருந்தாள். அவளுக்கு வேண்டியது மூன்றாவது பெயர் கல்லில் ஏறவேண்டும் என்பது மட்டுமே. உதவியென்று வந்த எதையும் அவள் கேட்டு நிற்கவில்லை. பெயரில்லாவிட்டால் ‘பெண் குழந்தை’ என்றாவது வெட்டுங்கள் என்றாள். பட்டியலில் இல்லாததைக் கல்லில் வெட்டுவதற்கில்லை என்றார்கள். கல் வெட்டியவனின் காலில் விழுந்து, மாலதியின் பெயருக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விடச்செய்தாள். பத்தாவது முறை சுப்புரத்தினம் ஒருநாள் விடுப்பெடுத்து, படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவளோடு போனார். அங்கே இருந்த எழுத்தர் இராமாமிர்தம் கெட்டவரல்லர். அதுதான் வருத்தம். கெட்டவராக இருந்திருந்தால் யாரிடமாவது முறையிட்டிருக்கலாம்.

“பேரு இல்ல. பொறந்த சீட்டு இல்ல. ஒடம்பும் கெடைக்கல. அப்பறம் செத்தது எதும்மா?” என்றார் இராமாமிர்தம், உண்மையாகவே அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு.

சுப்புரத்தினம் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இராமாமிர்தம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றையும் எண்ணினார்.

“மூணு இருக்குது. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது மண்டை சார். எனக்கு வேண்டியது சீட்டு. மண்டையில ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்குதா, காட்டுங்க, நானே எழுதறேன்.”

“குத்தறதா இருந்தா இப்பவே குத்து சார். குனியறேன்” என்றாள் தைலம்மாள். அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிதம்பரத்தில் அந்தப் படத்துக்கு இரண்டாம் அளவு எடுக்கவேண்டிய நாள் வந்தது. சுப்புரத்தினம் சீட்டைப் பாராமல் அளந்தார். கண்ணாயிரத்தின் துவாரம் ஒன்று புள்ளி எட்டு. மாலதியின் துவாரம் ஒன்று புள்ளி இரண்டு. மூன்றாவது மட்டும் முன்னைவிட மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. அவர் வாழ்நாளில் இரண்டு அளவுகள் ஒத்துப்போகாதது அதுவே முதல்முறை. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. மேலும் பதினான்கு நாள் கழித்து அளந்தார். இன்னும் ஒரு பங்கு கூடியிருந்தது. படம் அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி அவர் இடுப்பில் இருந்தது. தைலம்மாள் அந்த நேரத்தில் பரங்கிப்பேட்டைச் சாலையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பூட்டிய அலமாரிக்குள் படம் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. உறையின் உட்புறத்தில் மூன்றாம் துவாரத்துக்கு நேராக வட்டமாக ஒரு கறை படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். பால். கறை பட்ட உறையை மாற்றிவிட்டுப் புதிய உறையில் தேதியெழுதி வைத்தார். அதுமுதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை உறையை மாற்றுவது அவருடைய வழக்கமாயிற்று. 2006 பங்குனியில் பால் நின்று, உறையில் கஞ்சி வாடை வந்தது. 2007இல் உறையின் ஓரங்கள் பல்லால் கடித்தாற்போலப் பிய்ந்திருந்தன. அவற்றையெல்லாம் குறிப்பேட்டின் வலப்பக்கத்திலும், அளவை இடப்பக்கத்திலும் எழுதிவந்தார்.

சத்யநாராயணன் ஆய்வை முடித்து எழுதத் தொடங்கியது 2009இல். ஒரே படத்தை இருமுறை அளந்ததில் எவ்வளவு ஒற்றுமை என்று காட்டவேண்டிய அட்டவணையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது படங்கள் ஒத்துப்போயின. ஒன்று ஒத்துப்போகவில்லை. மருத்துவர் சுப்புரத்தினத்தை அழைத்தார். சுப்புரத்தினம் குறிப்பேட்டை நீட்டினார். பதினேழு பேரின் துவாரங்களும் கல்லும் பொருந்துவதையும் சொன்னார். மருத்துவர் பொறுமையாகவே கேட்டார்.

“சார், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அட்டவணையில துக்கம்னு ஒரு கட்டம் கெடையாது. நாலு துவாரம் இருந்தாலும் அது இயல்பான வேறுபாடு, அஞ்சு இருந்தாலும் இயல்பான வேறுபாடு. எத்தனை இருந்தாலும் நான் நார்மல்னு எழுதிடலாம். வளருதுன்னு மட்டும் எழுத முடியாது. படம் வளராது. அப்ப தப்பு எங்க இருக்கணும்? கையில இருக்கணும்.”

“என் கை தப்பாது சார்.”

“தப்பிடிச்சின்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா அந்தப் படத்தையே தூக்கிப் போட்டுடலாம்.”

படம் குப்பைக்குப் போவதா, கை தவறியதென்று ஒப்புவதா என்பதே கேள்வி. சுப்புரத்தினம் ஒரு பகல் முழுவதும் யோசித்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கைதான். வீடு வாடகை வீடு. மாலையில், ‘மேற்படி படத்தின் மூன்றாம் துவாரத்தை அளந்ததில் அளந்தவரின் பிழை நேர்ந்துள்ளது’ என்று தம் கையாலேயே, ஒற்றுப்பிழையில்லாமல் எழுதிக் கையொப்பமிட்டு, படத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினார். கல் இருக்கும் நிறுத்தத்தில் அன்று மட்டும் அவர் சன்னல் பக்கம் திரும்பவில்லை. பார்வதம் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “அந்தப் பொண்ணுக்காவ ஒரு தடவ தப்பா அளந்தன்னு சொன்னா கொறஞ்சா பூடுவீங்க? உள்ள எடுத்து வையுங்க, பசங்க வந்தா கிழிச்சிப்புடும்” என்று தன் புடவைப் பெட்டியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கட்டுரை மறுஆண்டு வெளிவந்தது. சுப்புரத்தினத்தின் பெயர் அதில் இல்லை. அவருடைய பிழை மட்டும் அடிக்குறிப்பாக இருந்தது. தாழைக்குப்பத்தின் பதினேழு தலைகளும் இயல்பான வேறுபாட்டின் எல்லைக்குள் சௌகரியமாக அடங்கின. அந்தக் கட்டுரையால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. நன்றாகவே எழுதப்பட்டிருந்தது, திருத்தவேண்டிய எழுத்துப்பிழை நான்கைந்து இடத்தில் இருக்கும், அவ்வளவே.

பெட்டிக்குள் படம் வளர்ந்தது. 2010 ஆனியில் பார்வதத்தின் பட்டுப்புடவைமேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மூடியே கிடந்த அந்தப் பெட்டிக்குள் அது எப்படி வந்தது என்று அவள் தட்டிப் பார்த்தாள். சிலேட்டுப் பலப்பத்தின் பொடி. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “ஒண்ணாங் கிளாஸு” என்றாள் பார்வதம், புடவையை உதறியபடி. தைலம்மாள் மாதம் ஒருமுறை திருப்பாதிரிப்புலியூருக்கு மீன் கொண்டுவருவாள். கொடுத்துவிட்டு, பெட்டியருகே சற்று உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவளுடைய தலைவலி அந்த நேரத்துக்கு மட்டும் நின்றிருக்கும். சுப்புரத்தினம் அளவைச் சொல்வார். புள்ளி ஏழு. புள்ளி ஒன்பது. “ஜாஸ்தியாத்தான் வளருது, அவுங்கப்பன் வாட்டம்” என்பாள். ஒருமுறை மட்டும் வேறு மாதிரி பேசினாள். “வளந்து இன்னா செய்யறது அண்ணே? எனுக்கு அது செத்துதுன்னு ஒருத்தரு எழுதணும். எழுதினா நானு அழுதுட்டு எழுந்திரிச்சிப் பூடுவேன். ஏழு வருசமா அழுவறதுக்கு எடம் கெடைக்கல.”

2012ஆம் ஆண்டு மாசி மாதம் மூன்றாம் துவாரம் ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டரைத் தொட்டது. மாலதியின் அளவு. மாலதி போனபோது அவளுக்கு வயது ஏழு. அந்த மாசிமகத்தன்று சுற்றூர்ச் சாமிகளெல்லாம் கடலாட வந்திருந்த கூட்டத்தில், தைலம்மாள் படத்தை எடுத்துப்போய் முழங்காலளவு நீரில் நின்று, அதன் கீழோரத்தை அலையில் நனைத்தாள். பிறகு மூன்றாம் துவாரத்தில் வாயை வைத்து, சிவப்ரியா என்று மூன்று முறை சொன்னாள். திருவாதிரையன்று போனவள் என்பதால் அந்தப் பெயர். சுப்புரத்தினமும் பார்வதமும் கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பெயர் கிடைத்தாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மூவரும் கடலூர் அலுவலகத்துக்குப் போனார்கள். அது அவளுக்கு நாற்பத்தோராவது முறை.

அங்கே புதிய அதிகாரி வந்திருந்தார். இளையவர், படித்தவர், மேசையில் தூசில்லாமல் வைத்திருக்கிறவர். படத்தைத் தாமே வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். குறிப்பேட்டின் நூற்றெழுபது அளவுகளையும், தேதிகளையும், வலப்பக்கத்தில் பால், கஞ்சி, பலப்பம் என்று எழுதியிருந்ததையும் ஒருவரி விடாமல் படித்தார். இராமாமிர்தம் பக்கத்தில் நின்று, “பேரு இப்ப இருக்குதுங்க ஐயா” என்று எடுத்துக்கொடுத்தார். அவருக்கும் ஓய்வுபெற ஆறு மாதமே இருந்தது. இந்தக் காரியம் முடிந்தால் நல்லது என்று அவரும் நினைத்தார். அதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

“நான் முழுசா நம்புறேன்” என்றார். ஏழு ஆண்டில் அந்த அலுவலகத்தில் அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர். “இப்படித் துல்லியமா ஒரு பதிவ நான் பார்த்ததே இல்ல. குழந்தை இருக்கு. சந்தேகமே கிடையாது. ஆனா வளருதே. வளர்ற குழந்தைக்கு நான் எப்படி இறப்புச் சான்று கொடுக்கிறது?”

தைலம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, அது செத்துப்போச்சு. எங் கையிலேருந்துதான் போச்சு. நானுதான் கைய வுட்டேன்.”

“இந்தப் பதிவுல அப்படி இல்லையேம்மா” என்றார் அதிகாரி கனிவாக. சுப்புரத்தினத்தின் குறிப்பேட்டைக் காட்டினார். சுப்புரத்தினம் தம் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தவறியது என்று தாம் எழுதிக்கொடுத்த தாளைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். அந்த அளவுகளெல்லாம் பொய், எதுவும் வளரவில்லை என்று ஒரு சொல் சொன்னால், வளராத பிள்ளை இறந்த பிள்ளையாகிவிடும். அந்தச் சொல் அவர் வாய்வரையில் வந்தது. அளவுகள் பொய்யல்ல; இருபத்தாறும் ஏழும் முப்பத்து மூன்று ஆண்டுப் பழக்கம் வாயைத் திறக்கவிடவில்லை. இதற்காக அவர் பிறகு தம்மை மன்னித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதினைந்து நாளில் குடும்ப அட்டையில் சிவப்ரியா, பெண், வயது ஏழு என்று ஏற்றிக் கொடுத்தார்கள். எந்த இழுத்தடிப்பும் இல்லை. மாதம் அரைக் கிலோ சர்க்கரை கூடுதலாகக் கிடைத்தது. தைலம்மாள் வேண்டாமென்று சொல்லவில்லை. கல்லில் மாலதியின் பெயருக்குக் கீழே விட்ட இரண்டு விரற்கடை இடம் அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் மட்டும் பாசி பிடிப்பதில்லை என்று பேருந்து நடத்துநர்கள் சொல்கிறார்கள்.

ஆனி மாதம் தாழைக்குப்பத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் சிவப்ரியாவின் பெயர் ஏறியிருந்தது. சீருடைக்கு அளவெடுக்கத் தையற்காரர் தில்லைநாதன் வீடுவீடாக வந்தார். பதினேழாவது வீட்டில், “பொண்ண வரச்சொல்லும்மா” என்றார். தைலம்மாள் கொண்டையை அவிழ்த்து, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, தலை குனிந்தாள். தில்லைநாதன் மயிரை விலக்கி, மூன்றாம் துவாரம் எதுவென்று அவளிடம் கேட்டுக்கொண்டு, அளவுநாடாவின் நுனியை அதில் விட்டார். நாடா நாற்பத்தாறு அங்குலம் உள்ளே இறங்கி, எதன்மீதோ மெத்தென்று பட்டு நின்றது. தொழிலில் நிதானமானவர் என்பதால், அவர் அதை வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் விட்டார். இரண்டு முறையும் நாற்பத்தாறு. நோட்டில் எழுதிக்கொண்டு, ஓரத்தில் மடிப்புக்கு ஓரங்குலம் கூடுதலாக விடுவதாகவும், வளர்கிற பிள்ளை என்றும் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.